ரேடியோவுக்கு முன்னால் ஃபியூஸ் பெட்டியை வாங்குங்கள்

இது என் வண்டியில் மாட்டிய ஒரு ஃபியூஸ் பெட்டியின் மதிப்புரை. அதை ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கல்லும் குழியுமான பாதைகளில் வண்டி ஓட்டும் எங்கள் கூட்டத்தில் ஐந்து வண்டிகள். பாதை எதுவானாலும் கடைசியில் வருவது என் வண்டிதான். கடைசி வண்டிக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். முன்னால் போகிறவர்களில் யாராவது மாட்டிக்கொண்டால் அதைத் தலைவண்டிக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை பெய்து முடிந்த ஒரு மாலையில், எனக்கு முன்னால் போன வண்டி ஈரப் பாறையில் வழுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. என்ஜினை அணைத்துவிட்டு மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ரேடியோவின் திரை அணைந்தது. விரலை எடுத்ததும் எரிந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அணைந்தது. மற்ற மூன்று வண்டிகளும் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டன. இறங்கி ஓடித்தான் அவர்களை நிறுத்தினேன். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரேடியோ நல்ல ரேடியோ. கென்வுட் டிஎம்-வி71ஏ, 50 வாட், இரண்டு அலைவரிசை. 2007-ல் வந்த பழைய மாடல்தான், ஆனாலும் இன்றும் அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. கோளாறு ரேடியோவில் இல்லை என்பது மறுநாள் காலை, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து உட்கார்ந்தபோது தெரிந்தது. ரேடியோவின் பிளக்கில் வைத்துப் பார்த்தால், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 12.2 வோல்ட். பொத்தானை அழுத்தியதும் 10.7. இந்த ரேடியோ 13.8 வோல்ட்டுக்குச் செய்தது. மேலும் கீழும் 15 சதவீதம் வரை தாங்கும். அதாவது 11.7-க்குக் கீழே போனால் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பேட்டரி முனையில் அதே நேரம் 12.3 இருந்தது. இடையில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் எங்கே போனது?

டேஷ்போர்டைக் கழற்றினேன். ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தது ஒரு ஒயரிங் பட்டறை. பெயர் வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் மெல்லிய ஒயரை, நடுவில் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுப் பிரித்து, ரேடியோவுக்கு இழுத்திருந்தார்கள். அதே சாக்கெட்டில்தான் பின்னால் இருக்கும் சிறிய ஃபிரிட்ஜும் ஓடுகிறது. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் 5 ஆம்பியர் இழுக்கும். ரேடியோ முழு சக்தியில் பேசும்போது 13 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போகவும் வரவும் எட்டு மீட்டர் என்றால் அந்த ஒயரின் மின்தடை கிட்டத்தட்ட 0.09 ஓம். 18 ஆம்பியரோடு பெருக்கினால் 1.6 வோல்ட். காணாமல் போன வோல்ட் அங்கேதான் சூடாகிக்கொண்டிருந்தது. இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 20 போட்டிருந்தார்கள். ஒயரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ். ஒயர் தாங்காத அளவுக்கு ஃபியூஸ் போட்டால், முதலில் உருகுவது ஒயரின் உறைதான். அது டேஷ்போர்டுக்குள், என் முழங்காலுக்கு மேலே.

அந்தக் கிளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குலுங்காத இடத்தில் வேண்டுமானால் பரவாயில்லை. கல்லிலும் குழியிலும் குலுங்கும் வண்டியில் அது ஒயரின் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டும். சால்டர், அதாவது ஈயத்தை உருக்கி, வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சால்டர் ஊறிய இடத்தில் ஒயர் விறைத்துப்போகும். விறைப்பு முடியும் இடத்தில் குலுங்கிக் குலுங்கி ஒடியும். சரியான கருவியால் கிரிம்ப் செய்த, அதாவது ஒயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்த லக் (உலோக முனை), அதன் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்), இதுதான் நான் நம்புவது. கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் அது கிரிம்ப் இல்லை.

சரி, இப்போது மதிப்புரைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தபோது நான் முதலில் வாங்கியது ப்ளூ ஸீ ஸிஸ்டம்ஸ் நிறுவனத்தின் எஸ்டி பிளேடு ஃபியூஸ் பெட்டி. பன்னிரண்டு இணைப்புகள், நெகட்டிவ் ஒயர்களைச் சேர்த்து மாட்டும் பட்டையும் மூடியும் சேர்ந்தே வரும். படகுகளுக்காகச் செய்தது. உப்புக்காற்றுக்காக உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகளுக்கு வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். பெட்டி மொத்தமாக 100 ஆம்பியர், ஒரு இணைப்புக்கு 30 ஆம்பியர் தாங்கும். பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கிற சாதாரண பிளேடு ஃபியூஸ் போதும். மூடிக்குள்ளேயே மாற்று ஃபியூஸ் வைக்க இடம் இருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் இருட்டில், மழையில், நடுக்காட்டில் அதன் அருமை தெரியும்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் 80 ஆம்பியர் பிரேக்கர். அங்கிருந்து 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) ரப்பர் புஷ் போட்டு உள்ளே நுழைந்து, பின் சக்கர வளைவுக்கு மேலே இருக்கும் பக்கப் பலகை வரை வருகிறது. பெட்டி அங்கேதான். சீட்டுக்கு அடியில் வைத்தால் வேலை சுலபம். ஆனால் ஓடையைக் கடக்கும்போது தரையில் தண்ணீர் நிற்கும், இந்தப் பெட்டி தண்ணீர் புகாத வகை இல்லை. மூடி தெறிக்கும் நீரைத் தடுக்கலாம், மூழ்கினால் தடுக்காது. பானெட்டுக்குள் வைக்க நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: வேண்டாம்.

இந்த வேலைக்கு என் அக்கா மகள் உதவிக்கு வந்தாள். மின்னியல் படிக்கிறாள். என்னைவிட நன்றாகக் கிரிம்ப் செய்வாள். அவள்தான் கேட்டாள், "மாமா, நெகட்டிவ் கேபிளை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோகாமல் ஏன் பாடியில் மாட்டுறீங்க?" என் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அது எண்ணும். அந்தக் கணக்கை வைத்துத்தான் வண்டியின் கணினி, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரை ஏற்றி இறக்குகிறது. நாம் நேராக முனையில் மாட்டினால் நம் மின்சாரம் சென்சாரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், கணக்கு தப்பும். அதனால் சென்சாருக்கு அந்தப் பக்கம், பேட்டரியின் எர்த் கேபிள் பாடியைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, மாட்டிய பின் மேலே கிரீஸ் தடவினோம். பழைய வண்டியில் அந்தச் சென்சார் இருக்காது. அப்போதும் நான் பாடியில்தான் மாட்டுவேன். ஏனென்றால் என்ஜினின் எர்த் பட்டை என்றாவது அறுந்தால், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ரேடியோவின் நெகட்டிவ் ஒயர் நேராகப் பேட்டரியில் இருந்தால், அந்த வழி அதுவாகவே இருக்கலாம். ரேடியோவோடு வரும் ஒயரில் இரண்டு பக்கமும் ஃபியூஸ் இருப்பது இதற்காகத்தான். தேவையில்லை என்று யாராவது நெகட்டிவ் ஃபியூஸை வெட்டி எறிந்தால் தடுத்துவிடுங்கள்.

முடித்துவிட்டு அளந்தோம். என்ஜின் அணைந்திருக்க, ஃபிரிட்ஜ் ஓட, பொத்தானை அழுத்தினால் ரேடியோ பிளக்கில் 12.0 வோல்ட். என்ஜின் ஓடும்போது 13.8. திரை அசையவே இல்லை. அவள் மூன்று முறை அழுத்திப் பார்த்தாள், நான் நான்கு முறை.

ஆன்டெனாவைப் பற்றி நிறையவே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு பம்பரில் இருந்தது. அங்கே எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்குப் பக்கத்தில். ஆன்டெனா எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 3 என்றால் அனுப்புவதில் கால் பங்கு திரும்பி ரேடியோவுக்கே வருகிறது. இப்போது கூரையின் நடுவில் ஓட்டை போட்டு, 49 சென்டிமீட்டர் கால் அலை நீளக் கம்பி. 2 மீட்டர் அலைவரிசைக்கு அதுவே போதும். சுற்றிலும் கூரைத் தகடு இருப்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-க்கு வந்துவிட்டது, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கிறது. கூரையில் துளை போட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அரை மணி நேரம் நின்றேன். போட்ட பிறகு ஒரு நாளும் வருந்தவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆன்டெனா கேபிளை முன் கண்ணாடித் தூண் வழியாக இறக்குகிறீர்கள் என்றால், அங்கே ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது விரியும் வழியில் கேபிள் குறுக்கே போகக் கூடாது. நான் பின்பக்கமாக இறக்கினேன்.

இந்தப் பெட்டியின் உண்மையான அருமை எனக்குப் புரிந்தது மூன்று மாதம் கழித்து. இரவில் ஓட்டும்போது ரேடியோவில் ஓயாத இரைச்சல். தூரத்து வண்டியின் குரல் அதில் மூழ்கிவிடும். ஆல்டர்நேட்டர் என்றால் என்ஜின் வேகத்தோடு சேர்ந்து கீச்சுக்குரலும் ஏறி இறங்கும். இது அப்படி இல்லை, ஒரே சீராக இருந்தது. முன்பு போலப் பத்து ஒயரும் ஒரே முடிச்சில் இருந்திருந்தால் எங்கே தேடுவது? இப்போது மூடியைத் திறந்தேன், சும்மா இருக்கும்போது இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சை முழுதாகத் திறந்து வைத்தேன், ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜ், மாற்றமில்லை. யுஎஸ்பி சார்ஜர், கொஞ்சம் குறைந்தது. முன்பக்க எல்.இ.டி. விளக்கின் ரிலேயை (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) பிடுங்கியதும் சட்டென்று அமைதி. எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் டிரைவர் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும். நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் அந்த வெட்டெல்லாம் ஒயர் வழியாக வானொலி அலையாக வெளியே வரும். விளக்கின் ஒயரில், இந்த மாதிரி இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையம் போட்டு, ஆன்டெனா கேபிளை விட்டு ஒயரை விலக்கி ஓட்டினேன். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. முழுதும் போகவில்லை. முக்கியமான இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ரிலே கிடையாது. விளக்கு, காற்றாடி மாதிரியானவற்றுக்கு ரிலேயைத் தனியாக வெளியே மாட்ட வேண்டும். திருகு முனைகள் என்பதால், புதிதாக மாட்டியதும் இரண்டு மூன்று பயணத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் வைத்து இறுக்கிப் பார்ப்பது நல்லது. நான் இப்போதும் பார்க்கிறேன். அப்புறம், பன்னிரண்டும் ஒரே பட்டையில் இருப்பதால் எல்லாமே எப்போதும் உயிரோடு இருக்கும். பூட்டிவிட்டுப் போனாலும் சார்ஜர் சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடிக்கும். இதே வரிசையில், பட்டையை இரண்டாகப் பிரித்த மாடலும் உண்டு. ஒரு பாதியைச் சாவியோடு அணையும்படி ரிலே வழியாகக் கொடுக்கலாம், மறுபாதி நேராகப் பேட்டரியில் இருக்கும். எனக்கு இது முதலில் தோன்றவில்லை. இன்னொரு முறை வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

இரண்டாவது பேட்டரி போடவில்லையா என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தேவைப்படவில்லை. ஒரு ராத்திரிக்கு மேல் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு வேண்டியிருக்கும். அவர்களும் இதே பெட்டியிலிருந்து தொடங்கலாம். பிறகு பிரேக்கரோடு கேபிளின் முனையைப் புது பேட்டரிக்கு மாற்றினால், பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ரேடியோவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இதில் எனக்குப் பிடித்தது, ஒரு அலைவரிசையில் கேட்பதை இன்னொன்றில் திருப்பி அனுப்பும் வசதி. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, கைரேடியோவோடு பள்ளத்தில் இறங்கினாலும் என் குரல் மற்றவர்களுக்குப் போகும். அப்படி ஓடும்போது 50 வாட்டில் விடாதீர்கள், சூடாகிவிடும். 10 வாட் போதும். ரேடியோவின் முகப்பைத் தனியாகக் கழற்றி வைக்க முடியும் என்பதால் அதன் உடலை ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், மின்சார ஒயர் ஒரு மீட்டர்தான். அதற்கான நீட்டிப்பு கேபிளும் பிடிமானமும் தனியாக வாங்க வேண்டும். அமெச்சூர் ரேடியோ உரிமம் இல்லாமல் இந்த ரேடியோவில் பேசக் கூடாது. திருப்பி அனுப்பும் வசதிக்கான விதியும் நாட்டுக்கு நாடு வேறு. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் அதே பாறைப் பாதையில் போனோம், நான் கடைசியில். என்ஜினை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் ஓட, "எல்லாரும் ஏறிட்டாங்க, அண்ணா" என்று சொன்னேன். தலைவண்டியிலிருந்து உடனே பதில் வந்தது.

பன்னிரண்டில் நான்கு இடம் இன்னும் காலி. ஒவ்வொன்றின் பெயரையும் அக்கா மகள் சின்ன எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். காலியான ஒன்றில் "ஏர் கம்ப்ரஸர்?" என்று எழுதி வைத்திருந்தாள். நான் வாங்க நினைக்கும் கம்ப்ரஸர் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது இந்தப் பெட்டிக்கு வராது, தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அந்தச் சீட்டை உரித்துவிட்டு, "அம்மாவோட டார்ச் சார்ஜர்" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.