தீபாவளிக்கு ஊருக்குப் போனால் உப்புத்தண்ணீர் மீனுக்கு யார் காவல்?

திருப்பூரில் தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் பூட்டினால் பாதி ஊர் காலியாகிவிடும். நாங்களும் ஒன்பது நாள் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவோம். கூடத்தில் இருக்கும் 200 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதில் இருக்கும் மீன்கள்: ஒரு ஜோடி க்ளவுன், சில நீல டாம்செல், ஒரு கோபி. பவளம் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிராக அது இருப்பதால் அந்த ஆசையே எனக்கு வந்ததில்லை.

முதல் தடவை பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியையும் தீவன டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் போனில் கேட்டால், "தண்ணி மோர் மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார். எவ்வளவு போட்டீர்கள் என்றேன். "கண்ணாடிகிட்ட வந்து வந்து வாயத் தொறக்குதுங்க, பாவம், பசியோட எப்படிங்க உடறது?" மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறார். தின்னாத தீவனம் அழுகி அம்மோனியா ஏறிவிட்டது. கடல்நீர்த் தொட்டியின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மையில் அம்மோனியாவின் நஞ்சு கூடிவிடும் என்பதால், நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய அதே அளவு அம்மோனியா இங்கே மீனைக் கொன்றுவிடும். நான் திரும்பி வரும்போது இரண்டு டாம்செல் மிதந்துகொண்டிருந்தன. அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. டப்பாவை முழுசாகக் கொடுத்தது நான்.

அதற்கு நேர் எதிரான வழி, தீவனமே போடாமல் விடுவது. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நாலைந்து நாள் பயணத்துக்கு இதுதான் பாதுகாப்பு. நன்றாகத் தின்று வளர்ந்த க்ளவுனும் டாம்செலும் அந்தப் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். குஞ்சு மீன், ஒரு நாளைக்குப் பல தடவை தின்னும் ஆந்தியாஸ், எந்நேரமும் பாறையைக் கொத்தி மேயும் மாண்டரின் இதெல்லாம் தாங்காது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

ஒரு வாரத்துக்கு மேல் போனால், நேரத்துக்குத் தானாகத் தீவனம் போடும் ஆட்டோ ஃபீடர். இதற்கு இரக்கம் கிடையாது, அதுதான் இதன் பெரிய நல்ல குணம். ஆனால் காய்ந்த தீவனத்தை மட்டும்தான் போடும். பண்ணையில் பொரித்த க்ளவுன் என்றால் கவலையில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் க்ளவுனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்தவை சிறு வயதிலிருந்தே பெல்லட் எனும் உருண்டைத் தீவனம் தின்று பழகியவை. கடலில் பிடித்த சில மீன்கள் பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொரு தொல்லை ஈரம். ஐப்பசி மழைக்காலத்தில், தொட்டிக்கு நேர் மேலே மாட்டிய ஃபீடரின் வாயில் தீவனம் களி மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். தொட்டி ஓரத்தில், நீராவி அதிகம் படாத இடத்தில் மாட்டி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கடையில் தருகிற வெள்ளைக் கட்டித் தீவனத்தை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

சரி, தீவனத்தைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். உண்மையில் பட்டினியால் செத்த மீனை நான் இதுவரை பார்த்ததில்லை. தொட்டியைக் கெடுப்பது தண்ணீரும் கரண்டும்தான்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் நாட்களிலும், சித்திரை வெயிலில் ஃபேன் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும்போதும், என் தொட்டியில் தினம் 3 லிட்டர் போகும். பத்து நாள் யாரும் ஊற்றாவிட்டால் 200 லிட்டர் 170 ஆகும், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 41-ஐத் தாண்டும். சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே மோட்டார் இருக்கும் சின்னத் தொட்டி, வைத்திருந்தால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறைவது முழுக்கக் கீழே மோட்டார் அறையில்தான். ஒரு நாள் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தும்போதுதான் தெரியும்.

இதை ஆள் வைத்துச் சமாளிப்பதா, ஏ.டி.ஓ. எனும் தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவியா? ஆளிடம் விட்டால், "கடல் மீனுக்கு உப்புத்தண்ணிதானுங்களே ஊத்தணும்" என்ற நியாயமான சந்தேகம் வரும். அப்படி ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். ஆர்.ஓ. நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் கண்ணாடியில் மார்க்கரால் போட்ட கோடு வரைக்கும்தான். கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டு அப்புறம் கரண்ட் போனால், மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு சம்பில் இடமில்லாமல் கூடம் நனையும்.

ஏ.டி.ஓ. என் ஓட்டைப் பெறுகிறது, ஒரு நிபந்தனையோடு. மிதவையில் உப்புப் படிந்தோ நத்தை ஏறி உட்கார்ந்தோ சிக்கிக்கொண்டால், அதன் மோட்டார் நிற்காமல் ஓடி, இருக்கும் தண்ணீரையெல்லாம் ஊற்றித் தீர்க்கும். அதனால் பெரிய டிரம் வைக்காதீர்கள். குடிதண்ணீர் வரும் 20 லிட்டர் கேன் போதும். கேனை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே ஆர்.ஓ. தண்ணீரை நிரப்புங்கள். முழுக் கேனும் கொட்டினாலும் உப்பு 35 என்பது 32-க்குக் கொஞ்சம் கீழே இறங்குவதோடு சரி, மீன் பிழைத்துக்கொள்ளும். அந்த 20 லிட்டருக்கும் சம்பில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஊற்றிப் பார்த்துவிடுங்கள். கேனிலிருந்து வரும் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் மூழ்காமல் மேலே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு கேன் எனக்கு ஒன்பது நாளும் வருகிறது. ஆடியில் ஆறு நாளைக்கு மேல் தாங்காது. அப்போது கேனை நிரப்ப யாராவது வந்துதான் ஆக வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நாள்தான் எமன். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். கடல்நீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், தண்ணீர் ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு ஒன்று, கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்குவதாகப் பார்த்து வாங்கினால், ஏழைக்கேற்ற வழி. வீட்டு யூ.பி.எஸ்.ஸில், தொட்டித் தண்ணீரை ஓட வைக்கும் வேவ் மேக்கரை மாட்டுவது அதைவிட நல்லது. பத்து வாட் சாமான் என்பதால் நல்ல பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினையும் அதிலேயே மாட்டினால் சீக்கிரத்தில் எல்லாமே நின்றுவிடும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டு எத்தனை மாதமாயிற்று என்பதையும் பாருங்கள்.

காசு கொடுத்துக் கடைக்காரரை வரச் சொல்வது நான்காவது வழி. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் பொங்கினால் என்ன செய்வது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கடல் மீன் பார்ப்பவரா, தங்க மீன் மட்டும் விற்பவரா என்று விசாரியுங்கள். உப்பை அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும். அவருடைய ஈர வலை உங்கள் தொட்டியில் இறங்கக் கூடாது; இன்னொரு வீட்டு வெள்ளைப்புள்ளி நோய் அதிலேயே வரும். எல்லாவற்றுக்கும் மேல், தீபாவளிக்கு அவரும் ஊருக்குப் போயிருப்பார்.

இப்போது நான் செய்வது ஒரு கலப்படம். தண்ணீருக்கு ஏ.டி.ஓ., ஓட்டத்துக்கு யூ.பி.எஸ்., தீவனத்துக்கு மறுபடியும் அதே அக்கா. டப்பாவைப் பீரோவில் பூட்டிவிட்டு, மருந்துக்கடைப் பொடி மாதிரி மூன்று பொட்டலம் மட்டும் மடித்துத் தருகிறேன். மூன்று நாளைக்கு ஒன்று. போன தீபாவளிக்கு எட்டாம் நாள் போன் வந்தது: "பொட்டலம் தீந்துபோச்சுங்க தம்பி, வீட்ல பொரி இருக்குது, ரெண்டு போடட்டுங்களா?"