மெகா தடுப்பூசி முகாம்: கூட்டத்தை இழுத்ததும் விரட்டியதும்

கொரோனா தடுப்பூசிக்காகத் தமிழக அரசு நடத்திய மெகா முகாம்களை ஒரு சேவையாக எடைபோட்டால், இட ஏற்பாட்டுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன விதம் சுமார். முதியோர் விஷயத்தில் தேர்ச்சி இல்லை.

முதல் முகாம் 2021 செப்டம்பர் 12, ஞாயிறு. 40,000 இடங்கள், இலக்கு 20 லட்சம், போட்டது 28 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியபோது மருந்து இருந்தது, ஆள் வரவில்லை. ஏப்ரல் 11 வரையிலான கணக்கில் டோஸ் வீணானதில் நாட்டிலேயே தமிழகம்தான் முதலிடம்: 12.10 சதவீதம்.

இடையில் இரண்டாம் அலை வந்து பயமுறுத்தியது உண்மைதான். ஆனால் பயந்தவருக்கும் ஊசி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே. மே மாதம் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் திறந்தபோது, மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் ஓடிபி வாங்கி ஸ்லாட் பிடித்தால்தான் உண்டு. ஜூனில் அந்தத் தளத்தில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது தமிழை விட்டுவிட்டு, கேட்ட பிறகே கொடுத்தார்கள். முகாமில் இந்தத் தொல்லை இல்லை. அடையாள அட்டையும் கைபேசி எண்ணும் போதும், பதிவையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காலை 7 முதல் இரவு 7 வரை என்பதால் கூலி வேலைக்குப் போகிறவரும் வேலைக்கு முன்போ பின்போ வர முடிந்தது.

சொதப்பியது வயல் (மருந்துக் குப்பி) கணக்கில். கோவிஷீல்டு வயலில் 10 டோஸ், தலா 0.5 மி.லி.; திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வீணாக்கினால் மேலே பதில் சொல்ல வேண்டும் என்பதால், ஆள் சேரும் வரை திறக்கத் தயங்குவார்கள். காலையில் முதலில் வந்த மூன்று பேர் காத்திருந்து எழுந்து போனால் மறுபடி வருவது சந்தேகம். தயங்கித் தயங்கி வந்தவரை இழப்பது ஏழு டோஸை இழப்பதைவிட மோசம் என்பதே என் கணக்கு.

நன்றாகச் செய்த ஒரு திருத்தம், அக்டோபரில் முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றியது. கறி சாப்பிட்டால், மது குடித்தால் ஊசி போடக் கூடாது என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. ஞாயிறன்று இரண்டையும் விட யாருக்கு மனம் வரும்? மருத்துவ ஆதாரம் இல்லை என்று மேடை போட்டு விளக்குவதைவிடக் கிழமையை மாற்றுவது சுலபம். ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு ஓய்வில் போய்விடும், கூலி போகாது. சென்னை அருகே கோவளத்தில் தொண்டு அமைப்புகள் பிரியாணியும் குலுக்கல் பரிசும் கொடுத்துக் கூட்டம் சேர்த்தன. அது முதல் கூட்டத்துக்கு உதவும், அதற்கு மேல் நம்பி இருக்க முடியாது.

பேச்சில்தான் கோட்டை விட்டார்கள். இன்னொரு தடுப்பூசியான கோவேக்சினுக்கு 2021 ஜனவரியில் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருமுன்பே அனுமதி கொடுத்து, போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினார்கள். கையெழுத்து கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் நவம்பர் 3-ல்தான் வந்தது. அதுவரை வெளிநாடு போக இருந்தவர்கள் கோவிஷீல்டுதான் வேண்டும் என்று நின்றதில் தவறில்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் கோவேக்சின் போட்டு, 17-ல் மாரடைப்பால் இறந்தார். காரணம் ஊசி அல்ல என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் அறிக்கை வர அக்டோபர் ஆனது. அந்த ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் கையில்.

சொல்ல நல்ல சரக்கு இல்லாமல் இல்லை. தமிழகக் காவலர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு டோஸ் 82 சதவீதமும் இரண்டு டோஸ் 95 சதவீதமும் மரணத்தைத் தடுத்தன. நம்மூர்க் கணக்கு இது; முகாம் வாசலில் பெரிய எழுத்தில் வைத்திருக்கலாம்.

‘சுகர், பிரஷர் இருக்கு, எனக்கு ஒத்துக்காது’ என்பதே முதியோரின் வழக்கமான மறுப்பு. உண்மையில் அவர்களுக்கே ஊசி அதிகம் தேவை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு, குறைந்தது 2 நிமிடம் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் போதும். இதை ஒலிபெருக்கி சொல்லாது. வீட்டை அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னால்தான் எடுபடும். அடுத்த புதிய தடுப்பூசிக்கு அவரை முதல் நாளே தெருவுக்கு அனுப்ப வேண்டும்: ஐஸ் பேக் வைத்த கேரியர், வயலுக்குப் பத்துப் பேர் என்று முன்கூட்டியே எழுதிய பட்டியல், ஒவ்வொருவரையும் 30 நிமிடம் கவனிக்க இன்னொரு ஆள்.