பெரம்பூர் ஞாயிறு ஆட்டம்: கேரக்டருக்குப் போட்ட எல்லைகள்

பெரம்பூரில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது) ஆட்டத்தின் பெரிய பலம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் ஒரு பக்க விதித்தாள். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்தின் 12 கிளாஸும் (போர்வீரன், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைகள்) உண்டு. கேரக்டரின் பலம், அறிவு போன்றவற்றுக்கான திறன் எண்களுக்குப் பகடை கிடையாது, எல்லாருக்கும் சமமாக 27 பாயின்ட் கொடுத்து அதில் எண்களை வாங்கச் சொல்லும் முறைதான். உருட்டவிட்டால் ஒருவருக்கு 18 விழும், பக்கத்தில் இருப்பவருக்கு 13 தாண்டாது. அப்புறம் அவர் மாசக்கணக்கில் வேடிக்கைதான் பார்க்கணும்.

பறக்கும் இனங்களுக்குத் தடை. ரொம்பச் சரி. 2015-இல் வந்த விதிப்படி, முதல் லெவல் ஆரக்கோக்ரா (பறவை மனித இனம்) ஒரே நகர்வில் 50 அடி பறக்கும். மேலிருந்தபடி வில்லை வளைத்தால் கீழே நிற்கும் ஓநாய்க் கூட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. குழி, மதில் எல்லாம் வீண்.

ஆட்டம் தொடங்கியபின் கேம் மாஸ்டர் குறுக்கிடுவதில்லை, இதுதான் அருமை. காவலனிடம் பொய் சொல்லப் போனால் "உன் கேரக்டர் அப்படிச் செய்யமாட்டான்" என்று மறிக்கமாட்டார். டிசெப்ஷனுக்கு (ஏமாற்றும் திறமை) பகடை உருட்டச் சொல்வார், விளைவு நம் தலையில்.

ஒரே கேரக்டர் இரண்டு கிளாஸைக் கலக்கும் மல்டிகிளாஸை மட்டும் காரணமே எழுதாமல் தடுத்திருப்பது குறை. அதற்குத் திறன் எண் 13 வேண்டும் என்று புத்தகமே கேட்கிறது. அந்த வடிகட்டல் போதும்.