பைக் ஒயரிங் பார்க்க டிடி 830டி மல்டிமீட்டர் போதுமா?

போதும். வோல்ட், கரண்ட், ஓம்ஸ் அளக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இது. வீட்டில் பைக்கைப் பழுது பார்ப்பவருக்கு இதன் 20 வோல்ட் டிசி ரேஞ்ச் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

இரவு முழுக்க நின்ற பைக்கின் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 12க்குக் கீழ் என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை ஏறும். ஏறவில்லையா? ஸ்டேட்டருக்கும் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் காயில்) ரெகுலேட்டருக்கும் (அதைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி) நடுவில் உள்ள கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளக்கை, கழற்றி, பின்கள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துவிடும்.

இந்த மீட்டரின் அருமை தெரிவது எர்த் கோளாறில், அதாவது எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலான இணைப்பு கெடும்போது. நரம்பெல்லாம் அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரும் லோடு இல்லாதபோது, அதாவது அதன் வழியே கரண்ட் ஓடாதபோது, முழு 12 வோல்ட்டைக் காட்டும். அதை நம்பி நல்ல ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுகிறார்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல. சிவப்பை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிளாம்பையும் எர்த் போல்ட்டையும் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ஓம்ஸில்தான், அதாவது மின்தடையை அளப்பதில்தான், இது சறுக்குகிறது. முனை இரண்டையும் தொட வைத்தாலே சைபருக்குப் பதில் ஏதோ ஒரு எண் நிற்கும். ஒரு ஓம்முக்கும் குறைவான ஸ்டேட்டர் காயிலை இதில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஆனால் மூன்று மஞ்சள் ஒயர் வரும் ஸ்டேட்டரில், கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று தாராளமாகப் பார்க்கலாம். இருந்தால் காயில் ஷார்ட்.

பெரிய ஆபத்து, கரண்ட் அளக்கும் 10 ஆம்பியர் சாக்கெட். பெரும்பாலும் அதற்கு ஃப்யூஸ் கிடையாது. சாவி ஆஃபில் கரண்ட் கசிவை அளந்த பிறகு சிவப்பு ஒயரை அதிலேயே விட்டுவிட்டு பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட், ஒயர் உருகிவிடும். அளவு முடிந்ததும் உடனே வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றிக் குத்துங்கள். மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் வோல்ட் அதிகமாகக் காட்டும், அதையும் அவ்வப்போது மாற்றுங்கள். கூடவே வரும் மெல்லிய ஒயர்கள் பிடியருகே சீக்கிரம் அறுந்துவிடும். முதலைக் கிளிப் வைத்த தடித்த ஜோடி ஒன்றைச் சேர்த்தே வாங்குவது நல்லது.