பெல்ட் மாத்தினதா சொல்லி 5,590 ரூபாய் வாங்கிட்டான், கவரைக் கூட கழட்டலை

திருப்பூர், அவிநாசி, கோயமுத்தூர்ப் பக்கம் ஸ்கூட்டர் வெச்சிருக்கிறவங்க ஒரு நிமிஷம் நின்னு படிங்க. 5,590 ரூபாய். பெல்ட், ரோலர், கிளட்ச்சுன்னு பத்து வரி எழுதின சீட்டுக்கு வியாழக்கிழமை கொடுத்த காசு. சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டரை மணிக்கு கருமத்தம்பட்டி தாண்டி, தெக்கலூர் வர்றதுக்குள்ள பைபாஸ்ல வண்டி நின்னுச்சு. இன்ஜின் கத்துது, சக்கரம் சுத்தலை. இன்ஜின் சுத்தறதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போறது பெல்ட்தான், அது அறுந்தா இப்படித்தான் ஆகும். ரெண்டு நாளுக்கு முன்னாடி ‘மாத்தின’ பெல்ட்.

ஏமாறாம இருக்க பத்து வழி கடைசியில எழுதறேன். முதல்ல நடந்தது.

கடை பேரைப் போடலை. எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற சர்வீஸ் கடை, வாசல்ல வாட்டர் வாஷ், உள்ள நாலு பசங்க. மூணு வருசமா ஆயில் மாத்தறது அங்கதான். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதையும் எழுதிடறேன். அவ்வளவு நாள் சின்னச் சின்ன வேலைதானே கொடுத்தோம்னு இப்பத்தான் உறைக்குது.

வண்டி 2018 மாடல், 110 சிசி, கார்புரேட்டர். 31,000 கி.மீ. ஓடியாச்சு, பெல்ட் கம்பெனியில இருந்து வந்ததேதான். இந்த வகை ஸ்கூட்டர்ல இருபதாயிரம் தாண்டினாலே பெல்ட்டைக் கழட்டிப் பார்க்கணும், 24,000-க்குள்ள மாத்திடறது நல்லது. நாந்தான் தள்ளிப் போட்டேன். அடையாளமெல்லாம் தெரிஞ்சுது: சிக்னல்ல கிளம்பும்போது பத்துப் பதினஞ்சு வேகத்துல ஒரு உதறல், முறுக்கினா சத்தம் முதல்ல ஏறி வண்டி பின்னால ஏறுறது, அறுபதுல போன வண்டி ஐம்பதைத் தாண்டத் திணர்றது. உதறல் வந்தா கிளட்ச் ஷூ, அதாவது கிளட்ச்சுக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற கட்டை, தேஞ்சு கண்ணாடி மாதிரி வழுவழுப்பா ஆயிருக்கும். சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா ரோலர் ஒரு பக்கம் தட்டையாகி உருளாம நிக்குது, இல்லைன்னா பெல்ட் அகலம் தேஞ்சு போச்சு. முன் புல்லிக்குள்ள ஆறு ரோலர் இருக்கு. வேகம் ஏற ஏற அதுக வெளிப்பக்கமா உருண்டு புல்லியை நெருக்கி, பெல்ட்டை மேல ஏத்தும். தட்டையான ரோலர் பாதி வழியில உட்கார்ந்துக்கும். ஸ்கூட்டர்ல கியர் மாறுறதே அந்த உருளல்தான்.

இதையெல்லாம் கடையில சொன்னேன். சொன்னதுதான் தப்போன்னு இப்பத் தோணுது, எந்தெந்தச் சாமான் பேரை எழுதணும்னு நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிருச்சு. கடைக்காரன் எழுதின சீட்டு இது: பெல்ட் 780, ரோலர் செட் 340, ஸ்லைடர் 60, கிளட்ச் ஷூ செட் 1,950, கிளட்ச் பெல் 720, ஏர் ஃபில்டர் 260, இன்ஜின் ஆயில் 410, கியர் ஆயில் 90, பிளக் 130, கூலி 850. கூட்டிப் பாருங்க, 5,590. ஒரு வரியில கூட விலை அதிகம் இல்லை. விலையில திருட்டு இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்.

சாயங்காலம் வண்டி எடுக்கப் போனா பளபளன்னு கழுவி நிறுத்தியிருக்கு. “கண்ணு, அண்ணனுக்கு அந்தப் பழைய பெல்ட்டை எடுத்துக் காட்டு”ன்னு பையனைக் கூப்பிட்டான். பையன் கொண்டு வந்த பெல்ட்டை மடிச்சுக் காட்டினான். பல்லுக்குப் பல்லு வெடிப்பு, ஓரத்துல நூல் பிரிஞ்சு தொங்குது. “இதுல எப்படீங்ணா இத்தனை நாள் ஓட்டுனீங்க? ரோட்டுல நின்னிருப்பீங்க.” நம்பினது அந்த நிமிஷந்தான். கையில வாங்கிப் பார்க்கலை. பெல்ட் முதுகுல அச்சடிச்ச நம்பரைப் படிக்கலை. இன்னொருத்தர் வண்டியோட பெல்ட்டை வெச்சே அந்தக் கடையில எத்தனை பேருக்குப் படம் காட்டியிருப்பானோ தெரியலை.

பழைய சாமானைக் கொடுங்கன்னு கேட்டேன். “கைக்கெல்லாம் கரியாகுங்ணா, நாங்களே ஸ்கிராப்புல போட்டுர்றோம்.” ஜிஎஸ்டி பில் கேட்டேன். “வரி தனியா சேருமுங்ணா, எதுக்கு வீணா?” கூலிக்கு எழுதின 850-ஐப் பார்த்து ஒரு நொடி யோசிச்சதைக் கவனிச்சிட்டான். “ஏனுங்ணா, மூணு வருசமா வர்றீங்க, என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?” இப்படிக் கேட்ட பிறகு நம்மூர்ல எவன் பேரம் பேசுவான். யுபிஐல 5,590 போயிருச்சு.

எடுத்து ஓட்டினா உதறல் அப்படியே இருக்கு. போன் பண்ணினேன். “புது ஷூ செட் ஆகறதுக்கு இருநூறு கி.மீ. ஓடோணுமுங்க.” இதுல பாதி நிஜம். புது ஷூ, அதைச் சுத்தி மூடியிருக்கிற கிண்ணம் மாதிரியான பெல்லோட உராய்ஞ்சு படிய கொஞ்ச தூரம் ஆகத்தான் செய்யும். பாதி நிஜத்தை வெச்சுப் பேசறவன்கிட்ட மாட்டினா தப்பிக்கறது கஷ்டம். கிளம்பறது மட்டும் முன்னைவிடச் சுறுசுறுப்பா இருந்துச்சு. அதையே பெரிசா நினைச்சுக்கிட்டேன். அது எதனாலன்னு கீழ வருது, அதுதான் இந்தப் பதிவுலயே முக்கியம்.

சனிக்கிழமை கோயமுத்தூர்ல லைவ் கான்சர்ட், அவிநாசி ரோடு பக்கம். திருப்பூர்ல இருந்து நாப்பது கி.மீ. சொச்சம், பின்னாடி வீட்டுக்காரம்மா. போகும்போது ஐம்பதுல ஒரு சிக்கலும் இல்லை. கச்சேரியைப் பத்தி எழுத இங்க ஒண்ணும் இல்லை, நின்னு பார்த்தோம், காது அடைச்சுது. வண்டி விஷயத்துக்கு வேண்டியது வெளிய வந்த கதைதான். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிறதால இந்த மாதிரி நிகழ்ச்சியில மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல எழும். கல்யாண வீடு மாதிரி ஆளாளுக்குச் சாப்பிட்டு ஒவ்வொருத்தரா கிளம்பறதில்லை. பார்க்கிங்ல டோக்கன் 50 ரூபாய் வாங்கினவன் ஒருத்தனையும் வழிகாட்ட நிறுத்தலை, காரும் பைக்கும் ஒரே சந்துல. அரை கி.மீ. வர ஐம்பது நிமிஷம்.

அந்த ஐம்பது நிமிஷமும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி தானா முன்னால இழுத்துச்சு. பிரேக்கைப் பிடிச்சே நிக்க வேண்டியிருந்துச்சு. அப்பவே புரிஞ்சிருக்கணும். பெல்ட், கிளட்ச் வேலைக்குப் பதிலா கடைக்காரன் செஞ்சது கார்புரேட்டர்ல ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை, அதாவது முறுக்காம விட்டா இன்ஜின் சுத்தற வேகத்தை, ஏத்தி வெச்சதுதான். ஸ்கூட்டர் கிளட்ச் சுத்தற வேகத்துல விரியறது. ஸ்லோ சரியா இருந்தா ஷூ சுருங்கி உள்ள இருக்கும், பெல்லைத் தொடாது. ஸ்லோவை ஏத்திட்டா வண்டி நின்னாலும் ஷூ பெல்லை உரசிக்கிட்டே இருக்கும். முறுக்கின உடனே பிடிக்கறதால ‘பிக்கப் வந்திருச்சு’ன்னு தோணும். வியாழக்கிழமை எனக்குத் தோணினது அதுதான். அந்த உரசல் சூடு முழுக்க பெல்ட்டும் கிளட்ச்சும் இருக்கிற மூடின பெட்டிக்குள்ளயேதான். அதைக் குளுத்தற விசிறி முன் புல்லியோடயே சுத்தறது, ஊர்ந்து போற வேகத்துல அது வீசற காத்து எந்த மூலைக்கு?

இன்னொண்ணு. மெதுவா போகும்போது பெல்ட் முன் புல்லியோட அடியில, சின்ன வட்டத்துல வளைஞ்சு கிடக்கும். ரெண்டு பேரை வெச்சு நின்னு நின்னு கிளம்பறப்ப இழுவையும் அப்பத்தான் அதிகம். சூடு, குறுகின வளைவு, இழுவை மூணும் சேர்ந்தா பழைய ரப்பர்ல இருக்கிற வெடிப்பு உள்ள இருக்கிற நூல் வரைக்கும் போயிரும். நூல் அறுந்த பெல்ட் அதுக்கப்புறம் நேர் ரோட்டுல எங்க வேணும்னாலும் விடலாம். சின்னியம்பாளையம், நீலாம்பூர் வரைக்கும் தாங்குச்சு. கருமத்தம்பட்டி தாண்டி ஒரு ‘டப்’. அறுந்த பெல்ட் பின்னால கிளட்ச்சுல சுத்திச் சக்கரத்தைப் பிடிக்கறதும் உண்டு. எங்களுக்குப் பிடிக்கலை. பின்னால லாரி வர்ற ரோட்டுல பிடிச்சிருந்தா இந்தப் பதிவு எழுத ஆள் இருந்திருக்காது.

அந்நேரத்துக்கு எந்த மெக்கானிக் எந்திரிப்பான். குட்டியானைக்கு 1,800 கொடுத்து வண்டியை ஏத்திக்கிட்டு வந்தோம்.

ஞாயித்துக்கிழமை வேற மெக்கானிக் வீட்டு வாசல்ல வெச்சு, கண்ணு முன்னாடி பிரிச்சார். பெல்ட்டை மூடியிருக்கிற இடது பக்கக் கவர் போல்ட்டெல்லாம் 8-ம் நம்பர். ஒவ்வொரு தலையிலயும் மண்ணு இறுகிக் கிடக்குது, ஒண்ணு துருவேறித் திரும்பவே மாட்டேங்குது. ரெண்டு நாள் முன்னாடி ஸ்பேனர் பட்ட போல்ட்டா இது? உள்ள கரி மாதிரி பெல்ட் தூள் ஒரு கை அள்ளலாம். ரோலர் ஆறும் தட்டை. ஷூ வழுவழு, பெல்லு சூட்டுல நீலம் பாஞ்சு உள்பக்கம் கோடு கோடா கிடக்குது. கியர் ஆயில் நூறு மில்லி சொச்சந்தான் பிடிக்கும், அதைக் கூட மாத்தலை, கறுப்பா வந்துச்சு. ஏர் ஃபில்டர் பழசு. இன்ஜின் ஆயிலும் பிளக்கும் புதுசு, அதை ஒத்துக்கறேன். ஆக 540 ரூபாய் வேலை. அதுக்காக அந்த 540-ஐக் கழிச்சுக்கோன்னு யாரும் சொல்லாதீங்க. எனக்குப் போனது 5,590 ரூபாய்தான்.

நிஜமாவே எல்லாம் மாத்த 4,450 ஆச்சு, அதுவும் தனி.

இப்ப கடைக்காரன் பதில்களைக் கேளுங்க. ஞாயிறு போன் அணைச்சு வெச்சிருந்தான். திங்கக்கிழமை காலைல பையன் எடுத்தான், “அண்ணன் டிபனுக்குப் போயிருக்காங்.” பதினோரு மணிக்கும் டிபன். மத்தியானம், “ஓனர் கெடாவெட்டுக்கு ஊருக்குப் போயிட்டாருங்.” சாயங்காலம் நேர்ல போய் நின்னதும், “பெல்ட் கம்பெனி பால்ட்டுங்ணா, நாங்க என்ன பண்ண முடியும்?” புது பெல்ட்ல 31,000 கி.மீ. தேய்மானம் எப்படி வரும்னு அறுந்ததை மேஜை மேல போட்டேன். உடனே பேச்சு மாறுது: “டபுள்ஸ் போயிருக்கீங்க. கச்சேரிக் கூட்டத்துல ஓட்டுனா எந்த பெல்ட்டும் நிக்காதுங்க.” ஸ்கூட்டர்ல ரெண்டு பேர் உட்காரத்தான் சீட்டே போட்டிருக்கான், அது ஓவர்லோடா? போல்ட் போட்டோவைக் காட்டினேன். “அது வாஷ் பண்றப்ப ஒட்டுன மண்ணுங்.” துருவும் வாஷ்ல ஒட்டினதாம்! கடைசியா, “வண்டியைத் தள்ளிட்டு வாங்க, பார்த்துக்கலாம், நமக்குள்ள என்னங்ணா.” நமக்குள்ள 5,590 ரூபாய் இருக்குங்க. வாட்ஸாப்புல அனுப்பின போட்டோவுக்கு நீல டிக் விழுந்திருக்கு, பதில் இல்லை.

பத்து வழி எழுதறேன்னு சொன்னேன், கை நடுங்குது, ஞாபகம் வர்றதை மட்டும் போடறேன்.

வண்டியை விடறதுக்கு முன்னாடி கவர் போல்ட் ரெண்டு மூணுல நெயில் பாலிஷ்ல ஒரு கோடு, போல்ட்ல இருந்து கவர் மேல போற மாதிரி. திருப்பி எடுக்கும்போது கோடு உடைஞ்சிருக்கணும். உடையலைன்னா காசு கிடையாது.

பழைய பெல்ட், ரோலர், ஷூ மூணும் உங்க கைக்கு வரணும். கரியானா சோப்பு இருக்கு. பெல்ட் நம்பர் உங்க வண்டிக்குச் சேருதான்னு பாருங்க.

வண்டி எடுத்த உடனே சென்டர் ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணி விடுங்க. பின் சக்கரம் லேசா சுத்தறது சகஜம், பிரேக்கை லேசாத் தொட்டா நிக்கணும். பிரேக்கை எதிர்த்துச் சுத்தினா ஸ்லோவை ஏத்தியிருக்கான்.

கூட்டத்துல ஊர்ந்து போக வேண்டியிருந்தா இன்ஜினை அணைச்சுட்டுத் தள்ளுங்க. பின்னாடி இருக்கிறவங்க இறங்கி நடக்கட்டும். பத்து நிமிஷம் டீக்கடையில உட்கார்ந்து கூட்டம் கலைஞ்ச பிறகு எடுத்தாலும் சரி.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்க. என்கிட்ட இருக்கிறது கடை பேர் கூட இல்லாத ஒரு சீட்டும் யுபிஐ ரசீதும். இதை வெச்சே 1915-ல, நுகர்வோர் உதவி எண், புகார் பதிஞ்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கொடுக்கறதுக்கு இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, 5 லட்சம் வரைக்கும் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள கொடுத்தாப் போதும்.

அறுந்த பெல்ட், தட்டை ரோலர் ஆறு, நீலம் பாஞ்ச பெல்லு எல்லாம் ஒரு பையில கட்டி வெச்சாச்சு. நாளைக்குக் காலைல கடை திறக்கிற நேரத்துக்குப் பையோட போய் வாசல்ல உட்காரப் போறேன். 5,590 ரூபாய். வாஷ்க்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அந்த ரோலரை எடுத்துக் காட்டுவேன்.