கனவுல புயல் சொல்ற சேவை: மூணு மாசச் சந்தா கட்டின பந்தல்காரன் எழுதுறது

முதல்ல ரேட்டிங்கைச் சொல்லிடறேன். அஞ்சுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் விடியக்காலம் நாலரைக்கு எழுப்பி விட்டதுக்கு.

நான் திருத்துறைப்பூண்டியில பந்தல், சாமியானா, ஜெனரேட்டர் வாடகைக்கு விடறவன். 31 வருசத் தொழில். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையிலதான் சம்பாத்தியம், கண்டமும் அதுலதான். வானத்தைப் பாக்காம ஒரு ஆப்பு அடிக்க முடியாது. இது தெரிஞ்ச என் மச்சான் 2024 புரட்டாசி அமாவாசை அன்னைக்கு வீட்டுக்கு வந்தான். "மாமா, ஒருத்தர் கனவுலயே புயலைச் சொல்லிடறாரு, உங்களுக்குத்தான் தேவைப்படும்"னு சொல்லி, என்னைக் கேக்காமலே என் செல்லுல அந்த வாட்ஸ்அப் குழுவுல சேத்து விட்டான். மாசம் 150 ரூபா. மூணு மாசம் மொத்தமா கட்டினா 400. மொத்தமா கட்டினேன். மலிவுன்னா நமக்கு மூளை வேலை செய்யாது.

நடத்தறவர் நம்ம டெல்டாக்காரர்தான். பேரைப் போட மாட்டேன், நாளைக்கு ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும். சேவை இவ்வளவுதான்: தினம் விடியக்காலம் ஒரு குரல் பதிவு. தான் கண்ட கனவு, குழுவுல உள்ளவங்க அனுப்பின கனவு, அதுக்கு அர்த்தம், கடைசியில "இன்னும் இத்தனை நாளைக்குப் பயமில்லை" இல்லைன்னா "உஷாரா இருங்க". குரல் நல்ல குரல். கோயில்ல தேவாரம் பாடினவர் மாதிரி இழுத்துப் பேசுவார்.

அவரோட மூலதனமே ஒரு யானைதான். 2018 கஜாவுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஒரு யானை தென்னந்தோப்பை மிதிச்சுத் தள்றதாக் கனவு கண்டாராம். கஜான்னா யானை, பாத்தீங்களாங்கிறார். இதை அந்த வருசமே யார்கிட்டயாவது சொன்னாரான்னு கேட்டா, வீட்டுல சொன்னாராம். ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. அந்தப் பேரு இலங்கை கொடுத்த பேரு. நம்ம பக்கத்துப் புயலுக்கெல்லாம் 2004லயே நாடுவாரியா பட்டியல் போட்டு, வரிசையா எடுத்து வச்சிக்கிட்டு வந்தாங்க. புயல் பொறக்கறதுக்குப் பதினாலு வருசம் முன்னாடியே பேரு பொறந்தாச்சு. அதுக்கும் மேல, மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் செங்கமலத்தை, அந்த பாப் கட்டிங் தலையோட ஒரு தடவை பாத்தவனுக்கு ஒரு மாசத்துக்குக் கனவுல யானைதான் வரும். அதுக்கெல்லாம் புயல் வரும்னா டெல்டாவுல ஒரு குடிசை நிக்காது.

நான் படிச்சது எட்டாவது. ஆனா கணக்கு எழுதாம ஒரு நாற்காலி வெளியில போகாது. அட்வான்ஸ் எழுதற நோட்டுலயே பின்பக்கம் ரெண்டு கட்டம் போட்டேன். இடது பக்கம் "சொன்னது", வலது பக்கம் "நடந்தது". சொன்னதை அன்னைக்கே எழுதிடணும், அடிச்சுத் திருத்தக் கூடாது. இந்த ஒரு காரியம்தான் எனக்குக் கண்ணைத் தொறந்துச்சு.

சேந்த முதல் வாரமே, "கடல் மலையா எழும்புது, மேற்கேயிருந்து வருது, உஷார்"னார். மேற்கே எங்களுக்குக் கடலே கிடையாது, தஞ்சாவூர்தான் இருக்கு. நாலு நாள் கழிச்சு, அக்டோபர் 9, அமெரிக்காவுல புளோரிடாவை மில்டன்னு ஒரு ஹரிக்கேன் அடிச்சுச்சு. நாம புயல்ங்கிறதைத்தான் அங்க ஹரிக்கேன்ங்கிறான். உடனே குழுவுல ஒரே கைதட்டல், "சொன்னது பலிச்சிடுச்சு"ன்னு. சரி, அதையும் எழுதினேன். மாசக் கடைசியில "வாசல்ல பெரிய மரம் விழுந்து கிடக்கு"ன்னார். அக்டோபர் 24 ராத்திரி டானா ஒடிசாவுல கரை கடந்துச்சு. அதுவும் அவரோட கணக்குல வரவு. என் கணக்குல? அன்னைக்கு எங்க ஊருல நல்ல வெயில். நான் பயந்துபோய் ஒரு காது குத்துக்குத் துணியை விட்டுட்டுத் தகரம் ஏத்தி, ஏத்துகூலி இறக்குகூலி ரெண்டும் என் கையை விட்டுப் போச்சு.

பந்தல்காரனுக்கு வேண்டியது மூணே விசயம். எப்ப வரும், எங்க வரும், காத்து எந்தப் பக்கம் அடிக்கும். கஜா அன்னைக்கு, நவம்பர் 15 ராத்திரி, முதல்ல வாடைக்காத்துதான் பிச்சு எடுத்துச்சு. நடுராத்திரிக்கு மேல கொஞ்ச நேரம் அப்படியே அடங்குச்சு. புயலோட கண்ணு மேல போவுதுன்னு தெரியாம, முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு டார்ச்சை எடுத்துக்கிட்டு கொடவுனுக்குப் போனேன். போன வேகத்துல தெக்கேயிருந்து சோழகம் திருப்பி அடிச்சுச்சு. வடக்குக் காத்துல சாஞ்சு நின்ன தென்னையெல்லாம் எதிர்ப்பக்கம் இழுத்து முறிஞ்சுது. கொடவுன் கூரைத் தகரம் ஒண்ணொண்ணா உரிஞ்சு, சீட்டுக்கட்டைக் கலைச்ச மாதிரிப் போச்சு. நான் ஜெனரேட்டருக்கும் சுவத்துக்கும் நடுவுல உக்காந்திருந்தேன். காத்து திரும்பும்கிறது புயலைப் படிச்சவன் சொல்றது. யானைக் கனவுல அது வராது. (அந்த ஜெனரேட்டர் ரெண்டும் பொழச்சுது. கரண்டு இல்லாத அத்தனை நாளும் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தறதுக்கு ஓடுச்சு. முதல் ரெண்டு நாள் செல்லு சார்ஜ் போட 20 ரூபா வாங்கினேன். இப்ப நெனச்சா வெக்கமாத்தான் இருக்கு.)

இப்ப கருமாதிக் கதைக்கு வரேன். கல்யாணம்னா மண்டபத்துக்கு மாத்தலாம். கருமாதியைத் தள்ளிப் போட முடியுமா? நவம்பர் 27, புதன்கிழமை, பக்கத்துக் கிராமத்துல ஒரு பதினாறாம் நாள் காரியம். 25ந்தேதி சாயங்காலம் சாமான் இறக்கப் போறேன். டெல்டா மாவட்டங்களுக்கு வானிலைக்காரங்க சிவப்பு எச்சரிக்கை கொடுத்தாச்சு. "தம்பி, தகரம் போட்டுக்குங்க, ஆறாயிரம் கூட ஆகும், தலை நனையாது"ன்னேன். செத்தவரோட மூத்த மகன் அதே குழுவுல உறுப்பினர். செல்லை எடுத்து அன்னைக்கு விடியக்காலப் பதிவைப் போட்டுக் காட்டினார். வறண்ட வெண்ணாத்து மணல்ல ஒரு வெள்ளைப் பசு படுத்து அசை போடுதாம். பௌர்ணமி வரைக்கும் பயமில்லையாம். "துணியே போதும்ணே."

26 முழுக்கக் கொட்டித் தீத்துச்சு. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு. 27 விடியக்காலம் போய்ப் பாத்தா, சாமியானாவுல தண்ணி தொப்பை கட்டி நாலு இடத்துல தொங்குது. மூலைக் கம்பெல்லாம் உள்பக்கம் வளைஞ்சு நிக்குது. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: சணல் கயிறு நனைஞ்சா இறுகும், நைலான் நனைஞ்சா நெகிழும். நான் நைலான்ல கட்டியிருந்தேன், அது என் தப்பு. பையன் ஒருத்தன் மூங்கில் நுனியில கோணியைச் சுத்தி, துணி கிழியாம அந்தத் தொப்பையை மெள்ள ஓரத்துக்குத் தள்ளினான். ஓரத்துக்கு வந்த தண்ணி ஒரு குடம் ரெண்டு குடம் இல்லை. மொத்தமா சரிஞ்சு, வடிச்சு மூடி வச்சிருந்த சாதக் கூடை மேல விழுந்துச்சு. மூணாவது தொப்பையைத் தள்றப்ப கம்பே சாஞ்சுது. பந்தி பக்கத்து வீட்டுத் திண்ணையில நடந்துச்சு. மகன் என் மூஞ்சியைப் பாக்கலை, நானும் பாக்கலை.

சாயங்காலம் நம்மாளு ஒரு பதிவு போட்டார். கேட்டுட்டுச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. "பசு வெள்ளைன்னு சொன்னேன்ல? வெள்ளை, வெள்ளம். கனவு சொல்லிடுச்சு, நமக்குத்தான் பிடிபடலை." 42 பேர் கும்பிடு போட்டிருந்தாங்க.

நியாயமாவும் சொல்லணும். அந்த வாரம் வானிலை ஆபீசும் தடுமாறுச்சு. புயலாகும்னாங்க, ஆகலை. ஆகாமலே கரை கடக்கும்னாங்க. 29ந்தேதி புயலாயி ஃபெஞ்சல்னு பேரு வச்சாங்க. 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறி, நகராம உக்காந்து விழுப்புரத்தை முக்கிடுச்சு. டீக்கடையில எல்லாரும் திட்டினாங்க, நானும் திட்டினேன். ஆனா அவங்க மாத்திச் சொன்னா, மாத்தறோம்னு சொல்லி, நேரம் போட்டு மாத்தறாங்க. காரைக்கால் ராடார் படத்துல மழை எங்க நிக்குதுன்னு நானே பாத்துக்கலாம். நாகப்பட்டினம் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்குன்னு படகுக்காரன் போன்ல சொல்லிடுவான். 25ந்தேதி சொன்னதை 27ந்தேதி வந்து "நான் வேற அர்த்தத்துல சொன்னேன்"னு அவங்க சொல்லலை. என் நோட்டுல அவங்களுக்கும் தப்பு விழுந்திருக்கு. ஆனா அது தப்புன்னு எழுத முடிஞ்ச தப்பு. நம்மாளு கணக்குல தப்புன்னு எழுதவே இடமில்லை, எல்லாத்துக்கும் ஒரு வெள்ளை, ஒரு வெள்ளம் இருக்கு.

ஒரு நாள் பதிவுல, "வெள்ளைக்காரனே கனவுக்கு ஆபீஸ் வச்சு நடத்தினான்"னு பெருமையாச் சொன்னார். இதை மட்டும் திருச்சியில படிக்கிற என் மக கிட்டக் கேட்டேன். தேடிப் பாத்துட்டு, "உண்மைதான்ப்பா, ஆனா அவர் பாதிக் கதையோட நிறுத்திட்டார்"னா. வேல்ஸ் நாட்டுல அபர்ஃபான்னு ஒரு ஊர். 1966 அக்டோபர் 21, சுரங்கக் கழிவைக் கொட்டி வச்ச மலை சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேல விழுந்து 144 பேர் போயிட்டாங்க, அதுல 116 குழந்தைங்க. ஜான் பார்க்கர்னு ஒரு மனநல மருத்துவர், இதை முன்கூட்டியே கனவுலயோ மனசுலயோ உணர்ந்தவங்க எழுதுங்கன்னு பேப்பர் வழியா கேட்டிருக்கார். 76 கடிதம் வந்துச்சாம். அதை வச்சு 1967ல லண்டன் பத்திரிகை ஒண்ணோட சேந்து, வர்ற கனவையெல்லாம் தேதி போட்டுப் பதிய ஒரு அலுவலகமே தொறந்தார். முதல் வருசத்துல 469 கணிப்பு வந்துச்சு. பொருந்தினது ரொம்பக் கொஞ்சம். அதை நம்பி முன்கூட்டியே ஒரு ஊரைக் காலி பண்ண முடிஞ்சதில்லை.

மக சொன்னதுல எனக்கு உறைச்சது வேற. அந்தக் கழிவு மலையை ஊத்துத்தண்ணி மேல கொட்டியிருக்கான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இது ஆபத்துன்னு 1963லயே உள்ளூர் பொறியாளர் கடிதம் எழுதியிருக்கார். எச்சரிக்கை காகிதத்துல இருந்துச்சு, படிக்கிறவன்தான் இல்லை. கஜாவுக்கு முன்னாடி காகிதத்துல வந்த எச்சரிக்கையைப் படிச்சுத்தான் 80,000க்கும் மேற்பட்ட ஜனத்தை முகாம்ல கொண்டு வச்சாங்க. இல்லைன்னா அந்த ராத்திரி கணக்கு வேற மாதிரி போயிருக்கும். அந்த மூத்த மகன் கையிலயும் அன்னைக்குச் செய்தி இருந்துச்சு. அவர் பசுவைப் பாத்தார்.

கனவையே நான் கேலி பண்றேன்னு நெனைக்காதீங்க. எனக்கும் வருது. ஐப்பசி பொறந்தா வாரத்துக்கு ரெண்டு தடவை கொடவுன் தகரம் உரியற சத்தம் காதுல கேட்டு எந்திரிச்சு உக்காந்துடுவேன். சம்சாரம் தண்ணி கொடுப்பா. புயல் வந்த வருசமும் வருது, வராத வருசமும் வருது. அதெல்லாம் 2018 கனவு, தேதி தெரியாம வந்துக்கிட்டிருக்கு. குழுவுல சேந்தப்புறம் இன்னும் கூடிப்போச்சு, விடியக்காலம் அடுத்தவன் கனவையும் சேத்துக் கேட்டா எப்படித் தூங்கறது? அந்தக் குழுவுல முந்நூத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரும் மழைக்காலத்துல வயக்காட்டு நடுவுல தூங்கறவங்க. யாராவது ஒருத்தருக்குத் தினம் தண்ணி கனவுல வராதா?

எங்க அம்மாவுக்கு மட்டும் இந்தச் சேவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வயசு 82. 1952 கார்த்திகைப் புயல்ல, அவங்களையும் தம்பியையும் நெல்லுப் பத்தாயத்துக்குள்ள இறக்கி மூடி வச்சு, தாத்தா அது மேல ஏறி உக்காந்திருந்தாராம். உள்ள நெல்லு வாசத்துலயே தூங்கிட்டேன், ஒரு கனவும் வரலைம்பாங்க. காலையில காபி குடிச்சிக்கிட்டே, "அந்தத் தம்பி இன்னைக்கு என்னடா கனா கண்டுச்சு?"ன்னு கேப்பாங்க. நான் போட்டு விடுவேன். கேட்டுட்டு, "பாவம், வயித்துல கோளாறு போலருக்கு, ராத்திரி மோர் குடிக்கச் சொல்லு"ம்பாங்க.

பொழுதுபோக்குக்குன்னா 150 ரூபா குடுக்கலாம். தொழிலுக்குன்னா வேண்டாம். சந்தா முடியறதுக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு போன் பண்ணிக் கேட்டேன். கோவப்படலை, அந்த இழுத்த குரல்லயே, "நீங்க கேப்பீங்கன்னு முந்தாநாளே கனவுல வந்துச்சுண்ணே"ன்னார். பணம் இன்னும் வரலை.