மழையை அளக்க பாட்டிலா, தானியங்கிக் கருவியா?

வகுப்பில் வானிலை நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பழைய பாட்டிலுக்குக் காசே வேண்டாம். தானியங்கி விலை கூடுதல், பேட்டரியும் மாற்றணும்.

புரிதல்: இதில் நான் பாட்டில் பக்கம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். பிள்ளைகள் கையால் அளந்தால் மறக்க மாட்டார்கள். வாயும் உடலும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாட்டில் நல்லது. இல்லையென்றால் அளவு தப்பும்.

விவரம்: சுமத்ரா தீவுப் பக்கமிருந்து பலத்த மழையோடு வரும் சுமத்ரா காற்று விடியலில் கொட்டிவிட்டுப் போனால், பாட்டில் மொத்தத்தை மட்டும் சொல்லும். எப்போது எவ்வளவு என்பதைத் தானியங்கிதான் காட்டும்.

பராமரிப்பு: பாட்டிலைத் தினமும் காலி செய்யுங்கள், டெங்கிக் கொசு முட்டையிடும். தானியங்கியில் இலை அடைக்காமல் பார்க்கணும்.

தொடக்கப்பள்ளிக்குப் பாட்டில் போதும். வரைபடம் போடும் உயர்நிலை மாணவர்களுக்குத் தானியங்கி வாங்கலாம்.